தாளிக்காத மக்ரோனி

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. அன்றைக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வெந்த மக்ரோனியைப் பாலும் மாவும் சேர்ந்த வெள்ளைக் குழம்பில் புரட்டி, கண்ணாடித் தட்டில் கொட்டி, மேலே சீஸைத் துருவிப் போட்டாள். தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தச் சாப்பாட்டைவிட அந்தச் சிரிப்புத்தான் பிடித்தது. ராத்திரிச் சாப்பாடு வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பை விட்டுத் தள்ளி நின்று சிரிக்கிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஓவன் எங்கள் வீட்டிலும் இருந்தது. கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல், பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. சும்மா இருக்கிறதே என்று அத்தை, என் மாமியார், அதற்குள் அப்பளக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். நமத்துப் போகாதாம். ஊரில் அப்பளத்துக்கென்று கண்ணாடிக் கதவு போட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அப்போது எனக்கு அந்த ஓவன் ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டது என்று சொல்ல வேண்டும். நான் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். குழந்தைகளுக்கான சட்டை, கவுன் எல்லாவற்றுக்கும் அட்டையில் அளவு வரைந்து வெட்டிக் கொடுக்கிற வேலை. கோவில்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் கரிசல் காடு, பஸ்ஸுக்குள் நசுங்கல், இறங்கினால் தூசி. ஆனாலும் அந்த வேலை என்றால் எனக்கு உயிர். நான் அட்டையில் வரைந்த ஒரு கோடு பத்து மெஷினில் ஓடி, மடிப்பும் லேஸுமாக ஒரு குட்டிக் கவுனாகித் தொங்குவதைப் பார்க்கும்போது, பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் தீபாவளிச் சீசன் தொடங்குகிற நேரத்தில் அத்தை பின்வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டாயிற்று. அதுவரை ராத்திரிச் சாப்பாட்டை அத்தைதான் பார்த்துக்கொண்டார். நான் வந்து சேரும்போது சட்னி தயாராக இருக்கும், தோசைக்கல் மட்டும் என் பங்கு. இப்போது எல்லாம் என் தலையில். பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிய கையோடு தேங்காய் துருவி, அரைத்து, ஆளுக்கு ஐந்து தோசை வார்த்து முடிப்பதற்குள் மாமாவின் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். மாமா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க வத்தல் நெடியில் இருந்துவிட்டு வருகிற மனிதர். பசித்தால் முகம் வத்தல் மாதிரியே ஆகிவிடும்.

ஒரு நாள் அந்த முகத்தோடு சொல்லிவிட்டார். இப்படி வீட்டைப் போட்டுவிட்டு ஓடுகிற வேலை தேவையா என்று யோசிக்க வேண்டும். கயத்தாற்றிலிருந்து அக்கா வரட்டும், அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முடிவு செய்துவிடலாம் என்றார். மாமாவின் அக்கா வாயிலிருந்து வந்தால் அந்தக் குடும்பத்தில் அது அரசாணை. அவருடைய அபிப்பிராயம் என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாணத்தன்றே, மருமகள் பஸ் ஏறினால் மாமியார் அடுப்படியை விட்டு இறங்க முடியாது என்று பந்தலில் வைத்துச் சொன்னவர்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் அப்பா சொன்னதற்கும் தலையாட்டினார், நான் சொன்னதற்கும் தலையாட்டினார். எந்தப் பக்கம் மழை பெய்தாலும் நனையாத சாமர்த்தியம் அவருக்கு. அத்தை எதுவுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தைக்குக் கை முடியாததால் காலையில் நான்தான் தலை பின்னிவிடுவேன். அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. கம்பெனிக் கதை எல்லாவற்றையும் கொட்டுவேன். அப்போது ஒரு மஞ்சள் கவுன் வரைந்துகொண்டிருந்தேன். பெண் குழந்தைக் கவுனுக்குப் பை எதற்கு, துணி வீண் என்று முதலாளி சொல்கிறார். மிட்டாயையும் கல்லையும் பிள்ளை எங்கே போட்டு வைக்கும் என்று நான் கேட்கிறேன். இதையெல்லாம் அத்தையின் பின்னந்தலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன். அவர் ம்ம் என்றுகூடச் சொல்ல மாட்டார். பின்னி முடித்ததும் எழுந்து போய்விடுவார். சுவரோடு பேசுகிறோம் என்றுதான் நினைத்தேன். சுவருக்குத் தலை பின்னிவிடும் பாக்கியம் எனக்கு.

இப்படி இருந்தபோதுதான் டிவியில் அந்தப் பெண் சிரித்தாள். தட்டை உள்ளே தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு வேகும். நான் அதற்குள் மகளைக் குளிப்பாட்டலாம், விளக்கேற்றலாம், அத்தைக்கு மாத்திரை கொடுக்கலாம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறலாம். தோசை மாதிரி ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு இன்னொருவர் காத்திருக்கிற வேலை இல்லை. என் வேலையைக் காப்பாற்ற வந்த தெய்வம் மாதிரி இருந்தது அந்த மக்ரோனி.

மக்ரோனி மளிகைக் கடையிலேயே கிடைத்தது. சீஸுக்குத்தான் அலைந்தேன். கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பேக்கரியில், பிறந்தநாள் கேக்குக்கு அடியில் குளிர்ந்துகொண்டிருந்த ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தேன். கூடவே வெண்ணெயும் ரஸ்க்கும் வாங்கினேன். ரஸ்க்கைப் பார்த்ததும் பேக்கரி அண்ணாச்சி பரிதாபமாக, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்தார். யாருக்கும் இல்லை, இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்றேன். அவருடைய பரிதாபம் இன்னும் கூடியது.

அது ஒரு புதன்கிழமை. அப்பளங்களை வெளியேற்றி ஓவனைத் துடைத்து வைத்தேன். காலையிலேயே கேரட்டும் பீன்ஸும் நறுக்கி வைத்திருந்தேன். சாயங்காலம் வந்ததும் ஒரு அடுப்பில் மக்ரோனி காயோடு கொதித்தது. இன்னொன்றில் வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டேன். பிஸ்கட் வாசனை வந்ததும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினேன். முதலில் கட்டி கட்டியாகத் திரண்டது. விடாமல் கிண்டினேன். திடீரென்று எல்லாம் கரைந்து, பாயசம் மாதிரி வழவழவென்று கரண்டியில் ஒட்டியது பாருங்கள், அடுப்படியில் ஒரு குதி குதித்தேன். உப்பு, மிளகுத்தூள், பாதிச் சீஸ் அதில் போனது. காயும் மக்ரோனியும் புரண்டன. தட்டில் கொட்டி, மேலே மீதிச் சீஸையும் ரஸ்க் பொடியையும் தூவி உள்ளே தள்ளினேன். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். பார்க்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

ஆள் இருந்தது. அடுப்படி வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"தாளிக்கலையா?" என்று கேட்டார்.

இதற்குத் தாளிக்க வேண்டாம் அத்தை என்றேன். அவர் ஒரு நிமிஷம் ஓவனைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியே எடுத்தபோது மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவந்து, ஓரத்தில் குமிழ் வெடித்துக்கொண்டிருந்தது. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. மேலே மொறுமொறுவென்று இருந்ததை எல்லாம் தனக்கே என்று சொல்லிவிட்டாள். மாமா முதல் வாயைச் சந்தேகத்தோடு போட்டார். இரண்டாவது வாய்க்கு மாங்காய் ஊறுகாய் கேட்டார். ஊறுகாய் கேட்டார் என்றால் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். மறுசோறும் கேட்டார்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அத்தையை. கை உடைந்ததிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று எல்லோரும் முடித்த பிறகு அடுப்படிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஊட்டிவிடுகிறேன் என்றால் கோபம் வரும். அன்றைக்கு எல்லோர் தட்டிலும் ஸ்பூன். மாமா கையிலும் ஸ்பூன். ஸ்பூனுக்கு ஏது வலது இடது? அத்தை வந்து எங்களோடு உட்கார்ந்தார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தட்டு காலியாக இருந்தது. எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதிலிருந்து புதன்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மக்ரோனி. மற்ற நாட்களிலும் உப்புமா, கிச்சடி என்று ஸ்பூனில் அள்ளுகிற மாதிரியே பார்த்துக்கொண்டேன். சாப்பாடு நேரத்துக்கு நடந்தது. மாமாவும் வேலைப் பேச்சை எடுக்கவில்லை. தப்பித்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு புதன்கிழமை சாயங்காலம் வீடு வந்தால், வாசலில் தெரியாத செருப்பு. கயத்தாற்றுப் பெரியம்மா வந்துவிட்டார். மாமாவின் அக்காவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

நடு வீட்டில் உட்கார்ந்து அத்தையின் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம் அக்கா என்று மாமா சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு தைரியமும் இருந்தது. சிவக்கச் சிவக்க ஒரு தட்டை அவர் முன்னால் வைக்கிறேன், வேலைக்குப் போகிறவள் வீட்டில் சாப்பாடு எப்படி இருக்கிறதென்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு டப்பாவில் இருந்த சீஸ் முழுவதையும் போட்டேன். தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கையைத் துடைத்தேன்.

கரண்ட் போயிற்று.

அந்த வருஷங்களில் கரண்ட் போவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் எங்கள் பக்கம் அதுவரை மத்தியானத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தெருவே கூப்பாடு போட்டது. நான் ஓவன் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் கதவுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். சீஸ் லேசாக உருகியிருந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. இருக்கிற சூட்டில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமா இரண்டு முறை கனைத்துவிட்டார். தோசை மாவும் இல்லை. வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தத் தட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. பெரியம்மா குனிந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மஞ்சளும் இல்ல, தாளிப்பும் இல்ல. இது துட்டி வீட்டுச் சோறுல்லா," என்றார். "கையொடிஞ்சு கெடக்கவ முன்னால இதைக் கொண்டாந்து வைக்கியே."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், மஞ்சள் சேர்க்க மாட்டார்கள். காரியம் எல்லாம் முடிந்து சட்டியில் கடுகு வெடித்தால்தான் துட்டி கழிந்ததாகக் கணக்கு. விளாத்திகுளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கடைத்தெருவிலிருந்து டப்பாவில் வந்த ஒரு சாப்பாட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை புதன்கிழமையும் சீஸ் சிவந்து சிவந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்குத்தான் அது தன் சொந்த நிறத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அத்தை அன்றைக்குத் தாளிக்கலையா என்று கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு முதல் நாளே மனசில் உறுத்தியிருக்கிறது. உறுத்தியும் சாப்பிட்டிருக்கிறார்.

மாமா தட்டைத் தொடவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா, பரபரவென்று ஓடிவந்து எதையாவது செய்ய வேண்டியிருக்கிறது, இந்தத் தீபாவளியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிடலாம் என்றார். பெரியம்மா ஆமாம் என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் கவுன்தான் கண் முன்னால் வந்து நின்றது.

அத்தை எழுந்தார். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தார். வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, அந்தத் தட்ட எடுத்துட்டு வா."

போனேன். தாளிப்புக் கரண்டியை எடுக்கச் சொன்னார். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, கரண்டியில் எண்ணெய் விட்டு நான் பிடித்துக்கொண்டேன். அத்தை இடது கையால் அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகை அள்ளிப் போட்டார். பழகாத கை. பாதி கரண்டியிலும் பாதி அடுப்பைச் சுற்றியும் விழுந்தது. கடுகு படபடவென்று வெடித்தது. உளுந்தம்பருப்பு போட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்து முண்டு வத்தலைக் கிள்ள முடியாமல் பல்லால் கடித்து இரண்டாக்கினார். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். கடைசியில் ஒரு கொத்துக் கருவேப்பிலையை அப்படியே போட, அது சடசடவென்று எழுப்பிய சத்தத்தில் நடு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

"ஊத்து," என்றார்.

வெள்ளைச் சீஸின் மேல் அந்த எண்ணெய் சுர்ரென்று இறங்கியது. மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகத் தட்டு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை. வெண்ணெயும் சீஸும் வத்தலும் கருவேப்பிலையும் சேர்ந்து மணக்க, அந்த நேரத்திலும் எனக்குப் பசித்தது.

தட்டை நான்தான் தூக்கி வந்தேன். அத்தை எனக்கு முன்னால் வந்து, தன் கையாலேயே, அந்த இடது கையாலேயே, பெரியம்மாவுக்கு முதல் கரண்டி வைத்தார். அந்தக் கையால் அவர் ஒருவருக்குப் பரிமாறி நான் பார்த்ததில்லை. பெரியம்மாவும் பார்த்திருக்க மாட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அத்தை முந்திக்கொண்டார்.

"மயினி, அவ வேலைக்குப் போகட்டும். ராத்திரிக்கு அவ செய்வா. தாளிக்க நான் இருக்கேன்."

கத்திச் சொல்லவில்லை. உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு மாமா தட்டிலும் ஒரு கரண்டி வைத்தார். மாமா அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். ஊறுகாய் எங்கே என்று கேட்டார்.

பெரியம்மா வத்தலை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் ஒதுக்கிய வத்தலையும் எடுத்துக் கடித்துக்கொண்டார். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. என் மகள் மட்டும் மொறுமொறுப்பு இல்லை என்று குறை சொன்னாள். அவளுக்கு நான் எண்ணெயில் பொரிந்த உளுந்தம்பருப்பைப் பொறுக்கிக் கொடுத்தேன். நாங்கள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிய பிறகு கரண்ட் வந்தது. ஓவன் தானாகவே ஓடத் தொடங்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அத்தையை ஸ்டூலில் உட்கார வைத்துத் தலை பின்னினேன். என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சிக்கு எடுத்தேன், எண்ணெய் தடவினேன், மூன்றாகப் பிரித்தேன்.

"என்னட்டி, இன்னைக்குப் பேச்சக் காணோம்," என்றார் அத்தை.

ஒன்றுமில்லை என்றேன்.

"அந்த மஞ்சக் கவுனுக்குப் பை வைக்கணும்னு சண்ட போட்டுக்கிட்டுக் கெடந்தியே. வச்சாச்சா?"

சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தது.

"வச்சாச்சு அத்த," என்றேன்.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"சரி. வெரசாப் பின்னு, பஸ்ஸ விட்டுராத."